பேர்கள் பத்திரமாக இருக்கின்றன

ஏற்காடு,
பங்குனி 4

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. உடனே பதில் எழுத முடியாதபடி ஒரு வேலையில் மூழ்கிக் கிடந்தேன். இங்கே எல்லோரும் சுகம். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காப்பிச் செடியில் மொட்டு அரிசி அரிசியாகக் கட்டி நிற்கிறது. ஒரு மழை விழுந்தால் பத்து நாளில் மலையே வெள்ளையாகிவிடும். கீழே சேலத்தில் போன வாரம் இடி இடித்ததாம், மேலே ஒரு சொட்டு இல்லை.

வேலை என்னவென்றால், என் செடி வலைத்தளத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன். 2009-ல் தொடங்கியது, மொத்தம் 143 பக்கம். தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங்குக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் 5,000 ரூபாய்க்குள் கட்டியிருந்தேன். அது முதல் தடவை சலுகையாம். இந்த முறை புதுப்பிக்கச் சொல்லி வந்த பில், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 14,000 ரூபாயைத் தாண்டியது. பென்ஷனில் அதைக் கட்ட மனசு வரவில்லை, தளத்தை மூடவும் மனசு வரவில்லை. இரண்டு ராத்திரி தூக்கமில்லை. மூன்றாம் நாள் பேத்தி போனில் ஏஐ-யைத் திறந்து கொடுத்து, "இதுகிட்ட தமிழ்லயே கேளுங்க தாத்தா" என்றாள்.

கேட்டேன். அது முதலில் என்னைத்தான் கேள்வி கேட்டது. உங்கள் தளத்தில் யாராவது லாகின் செய்கிறார்களா? ஏதாவது விற்கிறீர்களா? பக்கங்கள் தினமும் மாறுமா? எதுவும் இல்லை என்றேன். அப்படியானால் தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளே உங்களுக்குத் தேவையில்லை என்றது. ஒருவர் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் பிஎச்பி நிரல் ஓடி, எழுதியதெல்லாம் இருக்கும் டேட்டாபேஸில் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தைப் புதிதாகச் செய்து கொடுக்கிறதாம். அந்த வேலைக்குத்தான் காசு. செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட் கேட்டால் அப்போதுதான் சட்னி தடவி, காய் வைத்துத் தருவார்கள். முறுக்கு கேட்டால் டின்னிலிருந்து எடுத்து நீட்டுவார்கள். என் பக்கங்கள் முறுக்கு மாதிரி. ஒரு தடவை செய்து அடுக்கிவிட்டால் போதும். அப்படி அடுக்கி வைக்கக் காசே வாங்காத இடங்கள் இருக்கின்றன. கிட்ஹப் பேஜஸ் ஒன்று, கிளவுட்ஃபிளேர் பேஜஸ் ஒன்று. நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சொன்னபடி டேட்டாபேஸை இறக்கித் திறந்து பார்த்தேன். நெஞ்சே நின்றுவிட்டது மாப்ள. ஓர் எழுத்துகூடத் தமிழில் இல்லை. தலையில் கோடு சாய்ந்த ரோமன் 'ஏ', வட்டத்துக்குள் ஒரு 'ஆர்', அப்புறம் ஏதோ ஒரு குறி. பக்கம் பக்கமாக இதே.

கோயில் பக்கத்து ஊர்ப் பாட்டி உனக்கு நினைவிருக்கும். நாம் கல்லூரியில் படிக்கும்போது செடி சேகரிக்க வந்து, மழையில் நனைந்து, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேழ்வரகுக் களி சாப்பிட்டோமே, அவர்தான். இந்த மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண்மணி, பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஒரு செடிக்கு மேல் ஊரில் என்ன பேர், கீழ் ஊரில் என்ன பேர், அதன் இலையை எந்த மாதத்தில் பறிக்கக்கூடாது என்று 41 செடிகளுக்குச் சொன்னார். அவர் போய் ஆறு வருஷமாகிறது. அந்தப் பேர்கள் என் தளத்தைத் தவிர எந்தப் புத்தகத்திலும் இல்லை. நோட்டில் எழுதியதைக் கரையான் தின்றுவிட்டது.

ஏஐ-யிடம் இரண்டு பத்தி காட்டினேன். "சிதைந்த பகுதிகளைச் சூழலை வைத்து ஊகித்து மறுபடி எழுதித் தருகிறேன்" என்றது, கொஞ்சம் எழுதியும் காட்டியது. படிக்க அழகான தமிழ்தான். ஆனால் பாட்டி சொன்ன பேர் இருந்த இடத்தில் எல்லோருக்கும் தெரிந்த வேறொரு மூலிகையின் பேர் உட்கார்ந்திருந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஊகம் வேண்டாம், ஓர் எழுத்துகூட நீ சேர்க்கக்கூடாது, எழுத்து ஏன் இப்படி ஆனது என்று மட்டும் சொல் என்று எழுதினேன். அப்போதுதான் சரியான வழிக்கு வந்தது. தமிழைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'க' என்பது மூன்று பைட், 'கி' என்றால் ஆறு. 2009-ல் என் டேட்டாபேஸை லத்தீன் எழுத்து என்று குறித்து வைத்திருக்கிறார்கள். அதனால் அந்த மூன்று பைட்டையும் மூன்று தனி எழுத்தாகப் படித்துக் கொட்டியிருக்கிறது. உள்ளே ஒன்றும் கெடவில்லை, படித்த முறைதான் தப்பு. லத்தீன் என்று சொல்லியே மறுபடி வெளியே எடுத்து, யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறக்க வேண்டும். செய்தேன். பாட்டியின் பேர்கள் வரிசையாகத் திரையில் வந்து நின்றன. உன் தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

அதற்கப்புறம் 143 பக்கத்தையும் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, நான் புதியதை உரக்கப் படிக்க, அவள் பழைய தளத்தை வைத்துக்கொண்டு சரிபார்த்தாள். இந்த வேலையை எந்த இயந்திரத்திடமும் விட எனக்குத் துணிச்சல் இல்லை. படங்களைக் குறைத்தது, பக்கங்களை, முன்கூட்டியே செய்து அடுக்கித் தரும் ஹியூகோ மென்பொருளுக்கு மாற்றியது எல்லாம் அது எழுதிக் கொடுத்த நிரலை ஓட்டி ஒரே மத்தியானத்தில் முடிந்தது. வேர்ட்பிரஸ் ஒவ்வொரு படத்துக்கும் ஐந்தாறு அளவில் நகல் போட்டு வைத்திருந்தது. அவற்றை நீக்கியதும் 2 ஜிபி இருந்தது 600 எம்பி ஆகிவிட்டது. பாஸ்வேர்டு ஒன்றைக்கூட நான் ஏஐ-க்குக் கொடுக்கவில்லை, நீயும் கொடுக்காதே.

பழைய முகவரிகள் விஷயம் மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், உனக்கும் இது வரும். நம் தமிழ்த் தலைப்பை வேர்ட்பிரஸ் முகவரியாக்கும்போது ஒவ்வொரு எழுத்துக்குறியும் ஒன்பது இடத்தை அடைக்கிறது. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக்கணக்கு. மொத்த இடமே 200 தான். 'சேர்வராயன் மலையின் குறிஞ்சிகள்' என்று நான் வைத்த தலைப்பு முகவரியில் 'குறிஞ' என்று பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. இத்தனை வருஷமாக நான் கவனிக்கவே இல்லை. புதிய தளத்தில் முழுத் தலைப்பையும் முகவரியாக வைத்ததும் பழைய இணைப்புகள் எல்லாம் செத்துப்போயின. கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் புராஜெக்டில் அந்தப் பழைய முகவரிகளைத்தான் குறித்திருக்கிறார்கள். அதனால் பழையதைத் தட்டினால் புதியதற்குப் போகும்படி 143 வரி எழுதி ஒரு கோப்பில் வைத்தேன். கிளவுட்ஃபிளேர் அப்படி 2,000 வரி வரை ஏற்றுக்கொள்கிறது, கிட்ஹப் பேஜஸில் அந்த வசதி கிடையாது. கிளவுட்ஃபிளேரை எடுத்ததற்குக் காரணம் இதுதான்.

கடைசியில் ஒரு தப்பும் நடந்தது. தளத்தின் பேருக்கு வழி காட்டும் நேம்சர்வரை மாற்றச் சொல்லி ஏஐ படிப்படியாகச் சொன்னது, மாற்றினேன். தளம் வந்துவிட்டது. இரண்டு நாள் ஒரு மெயிலும் வரவில்லை. மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. கேட்டால், ஆமாம், அதையும் முதலிலேயே சேர்த்திருக்க வேண்டும் என்கிறது. சரியானதைச் சொல்லும்போதும் விட்டுப்போனபோதும் அதன் குரல் ஒரே மாதிரிதான் இருக்கிறது, நாம்தான் உஷாராக இருக்க வேண்டும். நல்லவேளை, மெயில் அனுப்பியவர்களின் சர்வர் சில நாள் விடாமல் முயன்றுகொண்டே இருக்குமாம். பதிவைச் சேர்த்ததும் பதினோரு மெயில், கொண்டை ஊசி வளைவில் மாட்டிக்கொண்ட வண்டிகள் வழி கிடைத்ததும் வருகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தது.

இனி டொமைன் பேருக்கு மட்டும் வருஷம் 900 ரூபாய். அதைவிடப் பெரிய நிம்மதி, முழுத் தளமும் ஒரு ஃபோல்டராக என்னிடமே இருப்பது. பென்டிரைவில் ஒன்று போட்டுப் பேத்தியிடம் கொடுத்திருக்கிறேன்.

இப்போது உன் விஷயம். உன் அப்பா ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த தாலாட்டுகளை நீ ஏற்றி வைத்திருப்பதும் என்னுடையது மாதிரியான ஹோஸ்டிங்தான். ஆடியில் உனக்கும் பில் வரும். கணக்கைப் பூட்டிவிட்டால் உள்ளே போக முடியாது, அதனால் கடிதம் கிடைத்த அன்றே முழு பேக்கப் ஒன்று எடுத்துவிடு. கிளவுட்ஃபிளேரில் ஒரு கோப்பு 25 எம்பிக்கு மேல் ஏறாது. உன் பாட்டுகள் எல்லாம் வேவ் கோப்புகள், நிறைய அதைத் தாண்டும் என்று நினைக்கிறேன். தளத்துக்கு எம்பி3 ஆக மாற்றிக்கொள்ளலாம், மூலத்தை மட்டும் அழித்துவிடாதே. அப்பா குரல் அதில்தான் இருக்கிறது.

உன் வீட்டில் இருக்கும் என் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு ஒரு நாலு நாள் வா. லேப்டாப்பை மறக்காதே. அடிவாரம் செக்போஸ்ட் தாண்டியதும் போன் போடு, பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்