போட்டுப் பார்த்துச் சொல்கிறேன், பெரிய கேம்ஷாஃப்ட் வாங்காதே

மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. ராத்திரி பட்டறையிலிருந்து வரும்போது விரல் இடுக்கெல்லாம் கறுப்பாக இருக்கும், அந்தக் கையோடு எதைத் தொட்டாலும் வீட்டில் திட்டு விழும். இன்றைக்குத்தான் கை வெளுத்திருக்கிறது, ஏனென்றால் நேற்று என்ஜினை மூடிவிட்டேன். ஓடுகிறது!

போன வருடம் பந்தயத்தில் என் மினி காரில் என்ன வெடித்தது என்று கேட்டிருந்தாய். எதுவும் வெடிக்கவில்லை, அதுதான் கேவலம். மூன்றாவது பந்தயத்தில் நீண்ட வளைவு முடிந்து ஆக்சிலேட்டரை மிதித்தபோது அடியில் யாரோ சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம். உடனே ஆஃப் செய்து புல்லில் ஒதுக்கிவிட்டேன். அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை, அதாவது சம்பைக் கழற்றினால், பிஸ்டன் கம்பி கிராங்க் தண்டைப் பிடிக்கும் இடத்தில் மூன்றாவது பேரிங் (பிக் எண்ட்) சாக்லேட் உறை மாதிரி கசங்கிக் கிடந்தது, கிராங்கில் நகம் மாட்டும் ஆழத்துக்குக் கோடு. வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். மினியில் கியர்பாக்ஸே சம்புக்குள் உட்கார்ந்திருக்கிறது, இரண்டுக்கும் ஒரே ஆயில், அதனால் அந்தச் சந்தேகம் எல்லாருக்கும் வரும். ஆனால் மற்ற மூன்று பேரிங்கும் புதுசு போல இருந்ததே, அது எப்படி?

காரணம் கிடைக்க இரண்டு நாள் ஆனது. பிளாக்கில் ஆயில் போகும் நீளத் துளை இருக்கிறதல்லவா, அதன் இரண்டு முனையையும் பித்தளை அடைப்பு வைத்து அடித்திருப்பார்கள். சிலிண்டர்களைக் குடைந்து (போரிங் போட்டு) வாங்கிய பிறகு பிளாக்கை நான் கழுவினேன், காற்றடித்தேன், எல்லாம் செய்தேன். அந்த அடைப்பை மட்டும் எடுக்கவில்லை. இப்போது டிரில் போட்டு எடுத்தபோது அதன் பின்னால் இரும்புத்தூள் பசை போல அப்பியிருந்தது, ஒரு தேக்கரண்டி தேறும். அதில் கொஞ்சம் கிளம்பி நேராக அந்த பேரிங்குக்குப் போயிருக்கிறது. போரிங் போட்டவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கழுவ வேண்டியது என் வேலை. இப்போது இரண்டு முனையிலும் மரை வெட்டி ஸ்குரூ அடைப்பு போட்டிருக்கிறேன், இனி எப்போது வேண்டுமானாலும் திறந்து பிரஷ் விடலாம். உன் என்ஜினை இறக்கும்போது முதல் வேலையாக இதைப் பார்.

சரி, உன் இரண்டாவது கேள்வி. பந்தயக் கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்) ஒன்று விலைக்கு வருகிறது, போடலாமா என்று. வேண்டாம். நான் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அப்படி ஒரு பெரிய கேமோடு டைனோவில் (என்ஜின் சக்தியை அளக்கும் மேடை) நம்பர் அழகாக வந்தது, நான் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். டிராக்கில் போனால் கதை வேறு. நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்குக் கீழே அது தூங்குகிறது. ஏழாயிரத்தில் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றினால் முள் ஐயாயிரத்துக்கும் கீழே வந்து விழுகிறது, நான்கே கியர் உள்ள பெட்டியில் வேறு எங்கே விழும்? ஒவ்வொரு மாற்றத்திலும் என்ஜின் இருமிவிட்டுத்தான் எழுந்தது. அதன் பிறகு அதைவிட மிதமான கேம் போட்டேன். உச்ச நம்பர் குறைவு, ஆனால் வளைவிலிருந்து வெளியே வரும்போது கார் என்னை இழுத்துக்கொண்டு போனது, அதே டிராக்கில் லேப்புக்கு ஒரு நொடிக்கு மேல் மிச்சமானது. அந்தத் தாள் இப்போது பெஞ்சில் ஆயில் கறை துடைக்கப் பயன்படுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. என் 1275 சிசி என்ஜினின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 81.28 மில்லிமீட்டர். 7,500-இல் சுற்றினால் பிஸ்டனின் சராசரி வேகமே நொடிக்கு 20 மீட்டரைத் தாண்டும், மூன்றே மெயின் பேரிங்கில் நிற்கிற கிராங்கை வைத்துக்கொண்டு அங்கே அடிக்கடி போக எனக்குத் தைரியம் இல்லை. உன் இம்ப் காரின் கதை வேறு. ஸ்ட்ரோக் 60 மில்லிமீட்டர் சொச்சம்தான், அதே 7,500-இல் 15 மீட்டர். தீயணைப்பு பம்பை ஓட்டப் பிறந்த கவென்ட்ரி கிளைமாக்ஸ் கம்பெனி என்ஜின் வம்சம், மேலே கேம், முழு அலுமினியம், சுற்றச் சுற்ற சிரிக்கும் என்ஜின். என்னுடையது 1951-இல் ஆஸ்டின் ஏ30-க்காக 803 சிசியில் வந்த குடும்பஸ்தன். அதை வைத்துக்கொண்டு 1964, 65, 67 மூன்று வருடமும் மான்டே கார்லோ ராலியை ஜெயித்தார்கள் என்பதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. (66-இலும் முதல் மூன்று இடம் மினிதான், ஹெட்லைட் விதியைச் சொல்லித் தூக்கிவிட்டார்கள். நீ இதைப் பற்றி வாய் திறந்தாலே எனக்குக் கோபம் வரும், தெரியும்தானே.)

இருந்தாலும் உன் கையில் இருக்கிற கேமைப் பற்றி என் பதில் மாறாது. முதலில் இருக்கிற கேம் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்த்தாயா? ஸ்பிராக்கெட்டில் இருக்கிற புள்ளிகளை நேராக வைத்தால் போதும் என்றுதான் நானும் இருந்தேன். இந்த முறை டிகிரி சக்கரம் மாட்டி, பிளக் துளை வழியாக ஒரு தடுப்பு விட்டு, இரண்டு பக்கமும் சுற்றிப் பிஸ்டன் முட்டும் இடங்களைக் குறித்து, நடுவைப் பிடித்து உண்மையான டிடிசியை (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) கண்டுபிடித்தேன். அதற்கப்புறம் டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் இன்லெட் வால்வை முழுதாகத் தூக்குவது 106 டிகிரியில் இருக்க வேண்டியது, 110-இல் இருந்தது. நாலு டிகிரி தாமதம். ஸ்பிராக்கெட்டைக் கேமோடு பூட்டும் சின்ன இரும்புத் துண்டை, அந்தச் சாவியை, கொஞ்சம் விலகின சாவியாக மாற்றியதும் 106 வந்தது. இதற்கு ஒரு புதுப் பாகமும் வேண்டியிருக்கவில்லை, அந்தச் சின்ன சாவியைத் தவிர. அதிகாலை வரை இதையே செய்தேன், முதல் மூன்று தடவை மூன்று விடை வந்தது, நாலாவது தடவைதான் சக்கரம் தளர்ந்திருந்தது தெரிந்தது.

சிலிண்டர்களின் மூடியான ஹெட்டைத் தேய்க்கக் கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய், அதைப் படித்துத்தான் இன்றைக்கே உட்கார்ந்து எழுதுகிறேன். அளக்காமல் கொடுக்காதே. உன் 875-இல் ஒரு சிலிண்டர் ஏறக்குறைய 219 சிசி. 10.5 கம்ப்ரெஷன் விகிதம் வேண்டுமென்றால் பிஸ்டன் மேலே நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் 23 சிசி இருக்க வேண்டும், அறை, கேஸ்கெட், பிஸ்டன் தலைக்கு மேல் உள்ள இடைவெளி, குழி எல்லாம் சேர்த்து. அதில் ஒரே ஒரு சிசி தவறினால் 10.5 என்பது கிட்டத்தட்ட 11 ஆகிவிடும். என் என்ஜினில் அதே ஒரு சிசிக்கு 0.3 தான் நகரும். என்ஜின் சின்னதாகச் சின்னதாக நம் தப்பு பெரிதாகிக்கொண்டே போகிறது. கண்ணாடித் தட்டில் துளை போட்டு, ஓரத்தில் கிரீஸ் தடவி ஒட்டி, பியூரெட்டில் நிறம் கலந்த மண்ணெண்ணெய் விட்டு அள. என் ஹெட்டில் நாலு அறைக்கும் நடுவே 1.3 சிசி வித்தியாசம் இருந்தது, பார்வைக்கு நாலும் இரட்டைப் பிள்ளைகள்! பெரிதான அறையை அடிப்படையாக வைத்து மற்றதைக் கிரைண்டரால் சரிசெய்தேன். அதற்கப்புறம்தான் தேய்ப்பு. அலுமினியம் தேய்ந்துவிட்டால் திரும்பி வராது.

போர்ட்டை, அதாவது ஹெட்டில் காற்று போகும் வழியை, உரசுவதில் என் பழைய வெறி போய்விட்டது. என் மினியின் ஏ-சீரிஸ் என்ஜினில் இரண்டு சிலிண்டருக்கு ஒரு இன்லெட் துளைதான், 1-3-4-2 என்று எரியும்போது 3 குடித்து முடிப்பதற்குள் 4 வாய் வைத்துவிடும், அந்தப் பக்கம் 2-க்கு 1. எவ்வளவு பளபளப்பாக்கினாலும் இந்தத் திருட்டு நிற்காது. அதனால் வால்வு சீட்டுக்கு ஒட்டின இடத்தை மட்டும் ஒழுங்குபடுத்தி விட்டுவிட்டேன்.

நேற்று ஸ்டார்ட் செய்ததைச் சொல்லாமல் விட்டால் நீ விடமாட்டாய். பிளக் எல்லாம் கழற்றி ஸ்டார்ட்டரிலேயே சுற்றி ஆயில் பிரஷர் ஏறும் வரை காத்திருந்தேன், முள் அசையும் வரை மூச்சே விடவில்லை. பிறகு பிளக் போட்டு, சாவி திருப்பினதும் பிடித்தது. அதே மிதமான வகையில் புதுக் கேம், அது தள்ளும் டாப்பெட்டும் புதுசு என்பதால் ஐடிலிங்கில் விடவே கூடாது, இருபது நிமிடம் 2,000-க்குக் குறையாமல் ஏற்றி இறக்கி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார், கையைக் காட்டினேன், அவரும் காட்டினார், அவ்வளவுதான் பேச்சு. ஸ்ட்ரோப் விளக்கு வைத்துப் பார்த்து மொத்த அட்வான்ஸை (தீப்பொறி முன்கூட்டியே விழும் அளவு) 30 டிகிரியில் நிறுத்தியிருக்கிறேன். மிக்ஸ்சர் இன்னும் கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன், எஸ்யூ கார்புரேட்டரின் ஊசியை மாற்றிப் பார்க்க வேண்டும். அதை டிராக்கில்தான் முடிவுசெய்ய முடியும், முழு த்ராட்டிலில் போய் அப்படியே ஆஃப் செய்து உருட்டிக்கொண்டு வந்து பிளக்கைப் பார்க்கிற அந்தப் பழைய வேலை.

உன் முழங்கால் எப்படி? தரையில் உட்கார்ந்து வேலை செய்யாதே என்று டாக்டர் சொன்னால் கேள். என்ஜினை ஸ்டாண்டில் மாட்டு, என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றை எடுத்துக்கொண்டு வருகிறேன். டிகிரி சக்கரத்தையும் பியூரெட்டையும் சேர்த்தே கொண்டுவருகிறேன். நான் வரும்வரை ஹெட் உன் அலமாரியிலேயே இருக்கட்டும், அந்தக் கேம்காரருக்கும் பணம் கொடுத்துவிடாதே.

உன்
பழைய கூட்டாளி