தெரபி ஒரு மணி நேரம்தான், மீதி எல்லாம் வீட்லதான்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். என் பையனுக்கு 7 வயசு, ஆட்டிசம். வாரத்துக்கு ரெண்டு நாள் ஸ்பீச் தெரபி போறோம், ஆனா அங்க சொல்லித்தர்றத வீட்ல தினமும் செஞ்சாதான் மனசுல நிக்குது, பல் தேய்க்கிறதையே பிரஷ் எடு, பேஸ்ட் வை, வாய் கொப்பளின்னு படம் வரைஞ்சு செவுத்துல ஒட்டி அவனா செய்ய நாலு மாசம் ஆச்சு, அன்னைக்கு நான் அழுதுட்டேன். பக்கத்துல ஒரு ஸ்கூல்ல சேர்க்க மாட்டோம்னுட்டாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதுக்கு மேலயும் பாதிப்புள்ள பிள்ளைங்களுக்கு 6லருந்து 18 வயசு வரை இலவசமா படிக்க உரிமை இருக்கு, பக்கத்து ஸ்கூலா சிறப்புப் பள்ளியாங்கிறது நம்ம விருப்பம். அரசு பள்ளிக் கல்வித்துறையோட வட்டார வள மையத்துல இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு சிறப்பாசிரியர், பிசியோதெரபி இருக்கிறதும் நிறைய அம்மாக்களுக்கு தெரியல, உங்க பேப்பர்ல இத விவரமா போடுங்க ஐயா.