பூஜ்ஜியத்துக்குப் பின்னால் வந்து நின்ற எண்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பூஜ்ஜியத்தில் ஒன்றைக் கழித்தால் புரோகிராம் 18446744073709551615 என்று காட்டுகிறது, இதென்னம்மா பூதம் மாதிரி என்று கேட்டிருந்தாய். குறை எண்ணுக்கு இடமே இல்லாத அன்சைன்டு 64 பிட்டில், அதாவது 0, 1 என்ற இலக்கங்களுக்கு 64 இடம் மட்டும் உள்ளதில், கடைசி எண் அதுதான், 2⁶⁴−1. பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கினால் ஒரு சுற்றுச் சுற்றி அங்கே போய் நிற்கும். சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக அரிசி வைத்த கதையின் மொத்தமும் இதேதான். அந்தக் கதையை விடு, ஊரே சொல்கிறது.

எனக்குப் பிடித்தது இதன் உள்ளே இருப்பது. கடைசி இலக்கம் 5, அதனால் ஐந்தால் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 87. மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. மீதிக்கு, பள்ளிக்கூடத்தில் நீ கடகடவென்று மனப்பாடம் செய்தாயே, இரு வர்க்கங்களின் வித்தியாசம், அது போதும். (2³²+1)(2³²−1) என்று பிரி. பின்னதை மறுபடி பிரி. பிரித்துக்கொண்டே போனால் கிடைப்பது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறுமே 2-இன் அடுக்கோடு ஒன்று கூட்டினவை, அடுக்கு மட்டும் 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டிப்பாகும். இந்த வடிவில் வருகிற எல்லாமே பகா எண்தான் என்று கணித மேதை ஃபெர்மா நம்பிவிட்டார். பாவம், அடுத்ததிலேயே சறுக்கல். 4294967297 = 641 × 6700417 என்று 1732-இல் ஆய்லர் உடைத்துக் காட்டினார். அந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும் 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டினதாகத்தான் இருக்கும். இதையும் நிரூபித்தவர் அவரே. அப்படிச் சலித்தால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே அகப்பட்டுக்கொள்கிறது.

வகுத்துப் பார்க்காமலேயும் சொல்லலாம். 641 என்பது 5×2⁷+1. அதுவே 5⁴+2⁴-உம் கூட. 641-ஆல் வகுத்து வரும் மீதியை மட்டும் கவனி. 5×2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-க்கு மீதி 1. 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடு. 2³²-க்கு மீதி −1 என்று வந்துவிடும். ஒன்றைக் கூட்டினால் மீதியே இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே செய்யலாம், பேப்பர் வேண்டாம்.

ஆக மொத்தம் ஏழு பகாக் காரணிகள், எதுவும் இரண்டு முறை வரவில்லை. அதனால் வகுத்திகள் 128. அப்புறம், அந்த முதல் ஐந்தையும் பெருக்கினால் 4294967295. அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரையக்கூடிய ஒழுங்குப் பலகோணங்களில், பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பவற்றில் இதுவரை தெரிந்த பெரியது இத்தனை பக்கம் கொண்டதுதான். 17 பக்கத்துக்கு அது முடியும் என்று காஸ் 1796-இல் கண்டபோது அவருக்கு வயது இருபது கூட ஆகவில்லை. ஃபெர்மா வடிவில் ஆறாவது பகா எண் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

உன் எண்ணோடு இரண்டைக் கூட்டு. 18446744073709551617, அதுதான் அந்த வரிசையில் அடுத்தது. 1880-இல் லாண்ட்ரி என்பவர் அதைக் காரணிப்படுத்தினார், 82 வயதில். எனக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு காரணி 274177. மற்றதைக் கையால் வகுத்து எழுதி அனுப்பு. கம்ப்யூட்டரைத் தொட்டால் எனக்குத் தெரிந்துவிடும்.

அம்மா