முழங்காலையும் எழுது

அன்புள்ள மகளுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். மற்ற சங்கதிகளைக் கடைசியில் எழுதுகிறேன்.

நீ சித்திக்கு அனுப்பிய படத்தைப் பார்த்தேன். எனக்கு அனுப்பவில்லை, பரவாயில்லை. சித்தியின் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வெள்ளைச் சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் கோடு உன் ஸ்னோபோர்டு, அதான் பனியில் சறுக்கும் பலகை, போட்டது என்று சொன்னாள். பெருமையாகத்தான் இருந்தது. சைக்கிளில் ஏறவே அழுத பெண்ணா இது! நாலு பேரிடமாவது காட்டியிருப்பேன். அப்புறம்தான் கவனித்தேன், அங்கே தடம் குறிக்கும் கம்பும் இல்லை, கொடியும் இல்லை. சரிவு முழுக்க ஒரே ஒரு கோடு. கூட வந்தவர்கள் வேறு பக்கமாக இறங்கியிருப்பார்கள். அப்படித்தான் இருக்கும்.

அடுத்த மாதம் மறுபடியும் ஆல்ப்ஸ் போகிறாயாம். அதுவும் சித்தி சொல்லித்தான் தெரிந்தது. போகாதே என்றால் கேட்கிற ஆளா நீ? இன்ஷூரன்ஸ் பற்றி மட்டும் எழுதுகிறேன். இரண்டு வாரமாக நாலைந்து பாலிசிகளின் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன்.

விசாவுக்கு எடுத்த பாலிசி இருக்கிறதே என்று இருந்துவிடாதே. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அதில் பனிச்சறுக்கு உண்டா என்று பார்ப்பது உன் பாடு. கூடுதல் பிரீமியம் கட்டிப் பனி விளையாட்டைச் சேர்த்தாலும், குறித்த தடத்தை விட்டு வெளியே, அதாவது ஆஃப்-பிஸ்ட் போனால் கதை வேறு. ஒரு பாலிசியில் அது அறவே கிடையாது. இன்னொன்றில் கைடு கூட இருந்தால்தான் உண்டு. மற்றொன்றில் கைடு இல்லாமலும் போகலாம், ஆனால் மூடிய பகுதிக்குள் நுழைந்தாலோ பனிச்சரிவு எச்சரிக்கையை மீறினாலோ பைசா வராது. ஐரோப்பாவில் பனி சரிந்து விழும் அபாயத்தை 1 முதல் 5 வரை எண்ணால் சொல்கிறார்கள். 3 என்றால் நடுத்தரம் என்று தோன்றும். அப்படியில்லை, 3-லேயே செங்குத்தான இடங்களில் ஒரே ஒரு ஆளின் பாரம் பனியைச் சரியவைத்துவிடும். எந்த எண்ணுக்கு மேல் கம்பெனி கைவிரிக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்கு. போனில் சொன்னதை நம்பாதே.

மருத்துவச் செலவு வேறு, தேடி மீட்கிற செலவு வேறு. இரண்டும் பாலிசியில் தனித்தனியாக இருக்கிறதா பார். சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் ஹெலிகாப்டர் வந்தால் பில் பொதுவாக உன் பெயருக்குத்தான் வரும். பிரான்சில் ஸ்கீ பகுதிக்கு வெளியே மலை மீட்பு பெரும்பாலும் அரசுச் செலவு, உள்ளே விழுந்தால் பணம் கேட்பார்கள். வேடிக்கைதான். இத்தாலியில் 2022 முதல், அடுத்தவர்மேல் மோதினால் ஈடு கொடுக்கும் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஸ்கீ தடத்தில் இறங்கக்கூடாது.

படித்ததில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் மேல் விழுவது அவர்களோ கூட வந்தவர்களோ கிளப்பிவிட்ட பனிதானாம். புதைந்தவர் பிழைப்பது அநேகமாக முதல் 10, 15 நிமிடத்துக்குள். அதற்குள் ஹெலிகாப்டர் வந்து சேருமா? பக்கத்தில் இருப்பவர்தான் பீக்கன் என்று உடம்பில் கட்டிக்கொள்ளும் கருவியின் ரேடியோ சிக்னலை வைத்துத் தேடி, குச்சியால் குத்திப் பார்த்து, தோண்டவேண்டும். தனியாகப் போகிறவள் பீக்கன் கட்டி என்ன பயன்? பொதுவாகச் சொன்னேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம் உன் இடது முழங்கால். அந்த ஆபரேஷனை விண்ணப்பத்தில் எழுது. நாலு வருஷம் ஆயிற்று, இப்போது வலியே இல்லை என்பாய். பிரீமியம் கூடும், கூடட்டும். எழுது.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கம்பெனி நம்மை ஏமாற்றிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னேன். நீயும் என்னோடு சேர்ந்து திட்டினாய். அவர்கள் ஏமாற்றவில்லை. ரத்தக் கொதிப்பு உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று நிரப்பியது நான். பிரீமியம் குறையுமே என்றுதான். அம்மாவின் மாத்திரை அட்டை அப்போது அதே மேஜைமேல் இருந்தது. அவளிடம் கையெழுத்து மட்டும் வாங்கினேன். உன் மேற்படிப்புக்கு வைத்திருந்த பணம் போனது அந்த ஒரு வார்த்தையால். நீ இதுவரை ஒருதடவைகூட அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அப்போதும் பொய்தான் சொல்லியிருப்பேன்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீ சொல்லாதே, நானே சொல்லவேண்டும். கிளைமை மறுத்து வந்த கடிதம் பீரோவில், பத்திரங்களுக்கு அடியில் இருக்கிறது. நான் பொய் எழுதிய கேள்வியின் எண்ணைக்கூட அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள். வரும்போது எடுத்துத் தருகிறேன்.

விண்ணப்பத்தை அனுப்புமுன் எனக்கு ஒரு நகல் அனுப்பு. திருத்தமாட்டேன், சும்மா பார்க்கத்தான். கூட யார் யார் வருகிறார்கள் என்பதையும் ஒரு வரி எழுது.

மற்ற சங்கதிகளுக்குத் தாளில் இடமில்லை.

அப்பா