எழும்பூரில் எங்களுக்கு உதவிய பெரியவருக்கு

போன சனிக்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனோம். 1851-ல் தொடங்கிய இடம், ஒரே நாளில் பார்த்து முடியாது. திமிங்கில எலும்புக்கூட்டைக் கண்டு துள்ளியவர்கள், வெண்கலச் சிலைகளிடம் வந்ததும் சோர்ந்துவிட்டார்கள். எனக்கும் விளக்கத் தெரியவில்லை.

அப்போது வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், "நான் சொல்லட்டுமா டீச்சர்?" என்று கேட்டார். திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நின்று பொறுமையாகச் சொன்னார். முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதன்மேல் களிமண் பூசிக் காயவைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். "அப்புறம் அச்சை உடைச்சாத்தான் சாமி வெளியே வருவார். அதனால ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான்" என்றதும் அத்தனை பேரும் கப்சிப். வகுப்பில் வாயே திறக்காத பையன் மூன்று கேள்வி கேட்டான்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐயா, பேர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். மனமார்ந்த நன்றி. இந்த வாரம் வகுப்பில் மெழுகும் களிமண்ணும் வைத்துச் சின்ன உருவங்கள் செய்யப் போகிறோம். அடுத்த மாதம் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம். முடிந்தால் நீங்களும் வாருங்கள். பிள்ளைகள் "அந்தத் தாத்தா வருவாரா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.