குளவி கொட்டிய எட்டுக்கால் பூச்சி

பாலக்கோடு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படம் பார்த்தேன். நீலக்கருப்பு உடம்பு, ஆரஞ்சு இறக்கை. அது பெப்சிஸ். அமெரிக்கக் கண்டங்களைவிட்டால் வேறெங்கும் கிடையாது. டரான்டுலா சிலந்தியையே அடித்து இழுத்துப் போகிற குளவி. உங்கள் நியூ மெக்சிகோ 1989-இல் அதை மாநிலப் பூச்சியாகவே அறிவித்திருக்கிறது. கொட்டும் வலிக்கு மதிப்பெண் போட்ட ஜஸ்டின் ஷ்மிட் இதற்கு 4 கொடுத்தார். அவர் கணக்கில் அதுதான் உச்சம். தானாக வந்து கொட்டாது. நீயும் சும்மா இரு.

அதன் பங்காளிகள் நம் ஊரிலும் உண்டு. அண்டார்டிகாவைத் தவிர எல்லாக் கண்டத்திலும் இந்தக் குடும்பம் இருக்கிறது, சுமார் 5000 இனங்கள்.

போன வாரம் களத்தில் புளி காயப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கருங்குளவி, தன்னைவிடப் பெரிய எட்டுக்கால் பூச்சியைக் கவ்விக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வந்தது. இறக்கை படபடவென்று துடிக்கிறது, மீசை ஒரு நொடி சும்மா இல்லை. வரப்போரம் தும்பைச் செடிமேல் சிலந்தியை வைத்துவிட்டு, வளையைப் பார்க்கப் போனது. கீழே போட்டால் எறும்பு மொய்த்துவிடும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. கோழியைப் பற்றித் தெரியவில்லை. நம் செவலைக்கோழி ஒரே கொத்து! திரும்பி வந்த குளவி அந்தச் செடியைக் கால் மணி நேரம் சுற்றியது. எனக்கே மனசு கேட்கவில்லை.

‘குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்’ என்று சின்ன வயதில் உனக்குச் சொல்லிக்கொடுத்தேனே, அது தப்பு. கொட்டியதும் சிலந்திக்குக் கைகால் விழுந்துவிடும், உயிர் போகாது. வளைக்குள் தள்ளி, அதன்மேல் ஒரே ஒரு முட்டை. புழு வெளிவந்து சிலந்தியை உயிரோடு தின்னும். இதயத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும், கறி கெடாமல் இருக்க. இதில் இன்னொரு கணக்கு: பெரிய சிலந்தி கிடைத்தால் பெரும்பாலும் பெண் முட்டை, சிறியதென்றால் ஆண். வேட்டைக்குப் போகிறவளுக்குத்தானே உடம்பு வேண்டும்? வளர்ந்த குளவியோ பூந்தேன் குடித்துத் திரியும்.

நம் ஜன்னல் கட்டையில் மண்கூடு கட்டியிருப்பது வேறு குடும்பம். அது ஒரு அறைக்குள் பல குட்டிச் சிலந்திகளைத் திணித்து வைக்கும். வெள்ளையடிக்க வேண்டும், இடிக்கிறேன் என்றால் உன் அம்மா விடமாட்டேன் என்கிறாள். வீட்டில் குளவி கூடு கட்டினால் என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். நான் எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அப்பா