டென்மார்க்கைத் திட்டி என்ன பயன்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வெளிநாட்டில் இருக்கும் ஒருவரை ஒப்படைக்க அங்குள்ள நீதிமன்றம் மறுத்துவிட்டால், நம் தொலைக்காட்சி விவாதங்களில் அந்த நாட்டைத் திட்டித் தீர்க்கிறார்கள். கிரிமினல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரான எனக்கு இதைக் கேட்கும்போது ஆற்றாமையாக இருக்கிறது. சரிசெய்ய வேண்டியது நம் பக்கம்தான் கிடக்கிறது.

புருலியா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1995 டிசம்பரில் ஒரு விமானம் மேற்கு வங்கக் கிராமங்களின் மேல் ஏ.கே. 47 துப்பாக்கிகளைக் கொட்டிவிட்டுப் போனது. முக்கியப் புள்ளி என்று சி.பி.ஐ. சொல்லும் கிம் டேவி, டென்மார்க் குடிமகன். அவரை அனுப்ப டென்மார்க் அரசு 2010இல் சம்மதித்தும்விட்டது. ஆனால், இந்தியக் காவலில் சித்திரவதைக்கு ஆளாகலாம் என்று சொல்லி 2011இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தடுத்தது. மறுபடி கேட்டோம், 2024 ஆகஸ்டில் ஹில்லரோட் நீதிமன்றமும் முடியாது என்றது. 2025 பிப்ரவரியில் ஆயுதத் தரகர் சஞ்சய் பண்டாரி வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றமும் திகார் சிறையைச் சுட்டிக்காட்டி ஒப்படைக்க மறுத்தது.

இந்தப் பயம் வீண் பயம் என்று சொல்ல நமக்கு வாய் வருமா? 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் இரவெல்லாம் அடிக்கப்பட்டு, அடுத்தடுத்து இறந்ததைப் பார்த்த மாநிலம் இது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இலேயே கையெழுத்திட்டது. இன்றுவரை அதை ஏற்று உறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா, மாநிலங்களவைத் தெரிவுக் குழுவுக்குப் போனதோடு சரி, சட்டமாகவே இல்லை. அப்புறம் 2017இல் சட்ட ஆணையம் தன் 273ஆவது அறிக்கையில், உடன்படிக்கையை உறுதி செய்யச் சொல்லி வரைவுச் சட்டமும் எழுதிக் கொடுத்தது. அதுவும் கிடப்பில்தான்.

அபு சலேம் தீர்ப்பை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 257 பேரைப் பலிகொண்ட 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர் அவர். அவர் பிடிபட்ட போர்ச்சுகலில் தூக்கும் கிடையாது, ஆயுள் சிறையும் கிடையாது. தூக்கு விதிக்கப்படாது, 25 ஆண்டுக்கு மேல் சிறையில் வைக்க மாட்டோம் என்று 2002இல் துணைப் பிரதமராக இருந்த அத்வானி எழுதிக் கொடுத்தார். 2005 நவம்பரில் சலேம் இந்தியா கொண்டுவரப்பட்டார். பின்னாளில் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரமோ, 25 ஆண்டு முடியும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற தொனியில் இருந்தது. 2022 ஜூலையில் நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கவுல், எம்.எம். சுந்தரேஷ் (நம் ஈரோட்டுக்காரர்) அமர்வு அதை ஏற்கவில்லை. அரசின் உத்தரவாதம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் அரசைக் கட்டுப்படுத்தும். 25 ஆண்டு முடிந்ததும் ஒரு மாதத்துக்குள் குடியரசுத் தலைவருக்கு அவரை விடுவிப்பதற்கான கோப்பு போக வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

குண்டுவெடிப்பில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கு இது கசக்கும். அந்தக் கோபத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், அந்த வாக்கைக் கொடுக்காமல் இருந்திருந்தால் லிஸ்பனிலிருந்து அவரை அனுப்பியிருப்பார்களா? நாளை இன்னொருவரைக் கேட்கப் போகும்போது இந்த 25 ஆண்டுக் கணக்கைத்தான் அங்குள்ள நீதிபதி முதலில் புரட்டிப் பார்ப்பார்.

வழக்குக்கு வழக்கு உத்தரவாதக் கடிதம் எழுதிக்கொண்டே எத்தனை காலம் ஓட்டுவது? சட்ட ஆணையத்தின் வரைவு எப்போது மசோதாவாக அவைக்கு வரும் என்று நம் எம்.பி.க்கள் வரும் கூட்டத்தொடரிலேயே கேட்க வேண்டும். உங்கள் பத்திரிகையும் அவர்களிடம் இதைக் கேட்டு, பதிலை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர், திண்டுக்கல்